சைன் ஜாக்கில் வருவது சைன்தானா? மாடுலர் ஆசிலேட்டர்களின் அலைத்தூய்மை பற்றி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படித்த கையோடு இசையிலும் நாட்டம் கொண்டு, தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசருக்குக் கிட் வரவழைத்துத் தாங்களே சால்டர் செய்யும் இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்ப எழும் சந்தேகம் ஒன்று. ஒலி அலையைப் பிறப்பிக்கும் மாட்யூலான ஆசிலேட்டரின் முகப்பில் ‘சைன்’ என்று போட்ட ஜாக்கில் வயரைச் செருகினால், வழவழப்பான ஒற்றை ஒலி வர வேண்டும். வருவதோ ஓரத்தில் லேசான கரகரப்போடு வருகிறது. கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம்) பார்த்தால், ஒரே ஒரு கோடு நிற்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கோடுகள். மாட்யூல் பழுதா, சால்டரிங் கோளாறா, போலி ஐ.சி. தலையில் கட்டப்பட்டதா?

பெரும்பாலும் மூன்றும் இல்லை. அனலாக் மாடுலர் ஆசிலேட்டர்களில் மிகப் பல, உள்ளுக்குள் சைன் அலையைப் பிறப்பிப்பதே இல்லை. வேறொரு வடிவத்தைப் பிறப்பித்து, அதைச் சைன் போலத் தோன்றும்படி வளைத்துத் தருகின்றன. அந்த வளைப்பு எங்கே நடக்கிறது, எதனால் கெடுகிறது என்று தெரிந்தால், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் கையில் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டரையும் வைத்தே பெரும் பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

தூய்மை என்று எதைச் சொல்கிறோம்

சைன் என்பது ஒரே ஒரு அதிர்வெண் மட்டும் கொண்ட அலை. சீராகத் திரும்பத் திரும்ப வரும் மற்ற எந்த வடிவமும் பல சைன் அலைகளின் கூட்டுத்தொகை. அடி அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால், அதன் மடங்குகளான 200, 300, 400 ஹெர்ட்ஸ் அலைகள் வெவ்வேறு அளவில் அதோடு சேர்ந்திருக்கும். இவற்றை ஹார்மோனிக் என்கிறோம்; இசைக்காரர்களுக்கு மேற்சுரம்.

இதைக் காதால் அறியாதவர்கள் நம் ஊரில் குறைவு. கரண்ட் போய், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சீலிங் ஃபேன் ஓடும்போது ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்குமே, அதற்குக் காரணம் 50 ஹெர்ட்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும் 150, 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள். சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாற்றினால் உறுமல் அடங்கிவிடுகிறது.

சிந்தசைசரில் புழங்கும் வடிவங்களின் கணக்கு இது:

1. ரம்ப அலை: எல்லா ஹார்மோனிக்கும் உண்டு. இரண்டாவது, அடி அலையில் பாதி, மூன்றாவது, மூன்றில் ஒரு பங்கு, இப்படியே போகும். ஹார்மோனிக்குகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் மொத்த டிஸ்டார்ஷன் (அலைச் சிதைவு) சுமார் 80%.

2. சதுர அலை: ஒற்றைப்படை ஹார்மோனிக் மட்டும். மொத்தம் சுமார் 48%.

3. முக்கோண அலை: இதிலும் ஒற்றைப்படை மட்டும்தான், ஆனால் வேகமாகத் தேய்கின்றன. மூன்றாவது 9-இல் ஒரு பங்கு (11.1%), ஐந்தாவது 25-இல் ஒரு பங்கு (4%), ஏழாவது 2%. மொத்தம் சுமார் 12%.

சைனுக்கு மிக அருகில் இருப்பது முக்கோணம் என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. ஆசிலேட்டர் வடிவமைப்பாளர்கள் முக்கோணத்திலிருந்து புறப்படுவதற்கும் அதுவே காரணம்.

டெசிபெல் கணக்கும் தேவைப்படும். 20 டெசிபெல் கீழே என்றால் பத்தில் ஒரு பங்கு. 40 கீழே என்றால் நூறில் ஒரு பங்கு, அதாவது 1%. 60 கீழே என்றால் 0.1%.

நேரடியாகச் சைனை உண்டாக்கினால் என்ன?

நியாயமான கேள்வி. உண்டாக்கும் சர்க்யூட்டுகள் பழங்காலம் முதலே இருக்கின்றன. 1939-இல் வில்லியம் ஹியூலெட் தன் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டருக்குள் ஒரு சின்ன பல்பை வைத்தார். அலை பெரிதானால் பல்பின் இழை சூடாகி, ரெசிஸ்டன்ஸ் ஏறி, அலையைத் தானே அடக்கும். ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் முதல் சரக்கே அந்த ஆசிலேட்டர்தான். மிகக் குறைந்த டிஸ்டார்ஷன், மிகக் குறைந்த செலவு.

அதை ஏன் மாடுலருக்குள் வைக்கவில்லை? அங்கே சுருதியை மாற்றுவது கை இல்லை, வோல்ட்டேஜ். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது விதி. எட்டு, பத்து ஸ்தாயி வரை அப்படியே பிசகாமல் போக வேண்டும். நொடிக்கு நூறு முறை சுருதியை ஆட்டினாலும் அலையின் உயரம் மாறக் கூடாது. வீன் பிரிட்ஜில் இரண்டு ரெசிஸ்டர்களை ஒரே நேரத்தில், ஒரே அளவில் மாற்ற வேண்டும். உயரத்தைக் கட்டுப்படுத்தும் பல்பு சூடாகி ஆறவே நேரம் பிடிக்கும். ஆய்வகத்தில் ஒரே சுருதியை நிறுத்தி வைக்க அருமையானது. நொடிக்கு நொடி ஓடும் இசைக்கு ஒத்துவராது.

ஆகவே 1960-களில் சிந்தசைசர் செய்த மூக், புக்லா காலத்திலிருந்து, 1995-இல் டோப்ஃபர் கொண்டுவந்த யூரோராக் என்னும் மாட்யூல் அமைப்பு வரை பெரும்பாலும் வேறு வழி. ஒரு கெபாசிட்டரை நிலையான கரண்டால் நிரப்பு. குறித்த வோல்ட்டேஜை எட்டியதும் ஏதாவது செய். அந்த ‘ஏதாவது’ இரண்டு வகை:

1. ரம்ப வகை. கெபாசிட்டர் நிரம்பியதும் சட்டென்று ஷார்ட் செய்து காலியாக்கும். மறுபடி நிரப்பும். மேலேறி மேலேறி விழும் ரம்பப் பல் கிடைக்கும்.

2. முக்கோண வகை. நிரம்பியதும் கரண்டின் திசையைத் திருப்பும். ஏறிய அதே சரிவில் இறங்கும். நேரடியாக முக்கோணம் கிடைக்கும்.

இரண்டிலும் சுருதியைத் தீர்மானிப்பது கரண்டின் அளவு ஒன்றுதான். அதை டிரான்சிஸ்டர் வழியாக வோல்ட்டேஜால் பல ஸ்தாயிக்குத் துல்லியமாக ஆட்டிப்படைக்கலாம். அலையின் உயரத்தை, குறித்த வோல்ட்டேஜ் எட்டியதா என்று பார்க்கும் கம்பேரேட்டர் கட்டிப்போட்டுவிடுகிறது. இந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் சைன் இல்லாமல் போவது. புகழ்பெற்ற சிஇஎம்3340 ஆசிலேட்டர் சிப்பில் ரம்பம், முக்கோணம், பல்ஸ் மூன்றும் உண்டு. சைனுக்கென்று பின் (சிப்பின் கால்) கிடையாது.

முனையை மழுக்கும் வேலை

முக்கோணத்தின் சரிவுகள் ஏற்கெனவே சைனை ஒத்திருக்கின்றன. தொந்தரவு முனையில்தான். செட்டிநாட்டுத் தச்சர் சதுரத் தேக்கு உத்தரத்தின் விளிம்புகளைச் சீவி உருட்டுத் தூணாக்குவது போல, கூர்முனையைச் சீவி வளைவாக்க வேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். அல்லது அதே ஜோடியை உள்ளே வைத்திருக்கும் எல்எம்13700 போன்ற சிப்.

இரண்டு டிரான்சிஸ்டர்களின் எமிட்டர்களைச் சேர்த்துக் கட்டி, ஒரே கரண்டைப் பங்கிட்டுக்கொள்ளும்படி விட்டால், இன்புட் சிறிதாக இருக்கும்வரை அவுட்புட் நேர்கோட்டில் செல்லும். இன்புட் பெரிதாகப் பெரிதாக, கொடுக்க மேலும் கரண்ட் இல்லாததால் அவுட்புட் மெல்லத் தட்டையாகும். அந்தத் தட்டையாகும் வளைவே முனையை மழுக்குகிறது.

எவ்வளவு இன்புட் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். டிரான்சிஸ்டரின் வெப்ப வோல்ட்டேஜ், அறை வெப்பத்தில் சுமார் 26 மில்லிவோல்ட். முக்கோணத்தின் உச்சம் இதைப்போல ஏறக்குறைய 2.75 மடங்கு, அதாவது 70 மில்லிவோல்ட்டை ஒட்டி இருந்தால் மூன்றாவது ஹார்மோனிக் கிட்டத்தட்ட ஒழிந்துபோகும். குறைந்தால் முக்கோணத்தின் மூன்றாவது எட்டிப்பார்க்கும். கூடினால் தலை சப்பையாகி, அதே மூன்றாவது எதிர்த் திசையில் முளைக்கும்.

மூன்றாவது போனாலும் முனை முழுதாக மறைவதில்லை. உச்சியில் சிறு மூலை எஞ்சியே நிற்கும். அதிலிருந்து ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்குகள் கசியும். இந்த எளிய ஜோடியை நன்றாக அட்ஜஸ்ட் செய்தால் மொத்தம் 1 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். எமிட்டரில் ரெசிஸ்டர் சேர்த்து, அளவுகளைத் தேர்ந்து வைத்தால் இன்னும் கீழே போகலாம். ஆகவே ஒரு மாட்யூல் 1% காட்டினால் அது பழுதில்லை. அந்தச் சர்க்யூட்டின் இயல்பு.

வெயிலும் ஒரு காரணம்

அந்த 26 மில்லிவோல்ட் நிலையானதில்லை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு விழுக்காடு அதுவும் ஏறும். காலையில் 28 டிகிரியில் அட்ஜஸ்ட் செய்த ஆசிலேட்டர், சித்திரை மாத மதியத்தில் 38 டிகிரி அறையில் இருந்தால், மழுக்கும் அளவு 3.3% பிசகிவிடும். கணக்குப் போட்டால் அரை விழுக்காட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஹார்மோனிக் புதிதாக முளைத்திருக்கும். ஏ.சி. ஸ்டுடியோவில் இருப்பவர் எழுதிய அட்ஜஸ்ட்மென்ட் குறிப்பு காரைக்குடியில் பலிக்காமல் போவதற்கு இது போதும்.

சுருதியும் இதே காரணத்தால்தான் நகரும். நல்ல ஆசிலேட்டர்களில் வெப்பத்துக்கு ஏற்ப மாறும் தனி ரெசிஸ்டர் ஒன்றை வைத்துச் சுருதியைக் காப்பார்கள். சைன் வளைக்கும் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பைப் பலரும் தருவதில்லை.

ரம்ப வகையின் தழும்பு

ரம்ப வகை ஆசிலேட்டரில் இன்னொரு தொல்லை. ரம்பத்தை நடுவில் மடித்து முக்கோணம் செய்வார்கள். ஆனால் கெபாசிட்டர் காலியாக நேரம் பிடிக்கும். ஒரு மைக்ரோ நொடியாக இருந்தாலும் நேரம் நேரம்தான். மடித்த முக்கோணத்தின் ஒரு முனையில் அந்த இடம் ஊசி போலத் துருத்தி நிற்கும். சைனாக வளைத்த பிறகும் அந்தத் தழும்பு போகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ‘டிக்’.

கீழ்ச்சுருதியில் இது வெறும் மெல்லிய சரசரப்பு. சுருதி ஏற ஏற, சுற்றின் நீளம் குறைந்தாலும் ஊசியின் அகலம் குறைவதில்லை என்பதால் அதன் பங்கு பெருகும். எந்த ப்ரீசெட்டை (போர்டில் ஸ்க்ரூ டிரைவரால் திருகும் சின்ன ரெசிஸ்டர்) திருகியும் இதைப் போக்க முடியாது. சைனுக்காகவே ஆசிலேட்டர் வாங்குபவருக்கு என் யோசனை முக்கோண வகைதான். ஒரு ஆசிலேட்டரை இன்னொன்றோடு பூட்டி எடுக்கும் சிங்க் ஒலியில் ஆசை உள்ளவருக்கு ரம்ப வகை வசதி.

ப்ரீசெட்டைத் தொடும் வரிசை

பலர் செய்யும் தப்பு, சைன் அவுட்புட்டைப் பார்த்துக்கொண்டே கைக்குக் கிடைத்த ப்ரீசெட்டையெல்லாம் திருகுவது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஹார்மோனிக்கோடு சம்பந்தப்பட்டது. வரிசை தவறினால் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுப்பீர்கள்.

1. கேஸை மூடி, எல்லா மாட்யூலும் ஓடும் நிலையில் அரை மணி நேரம் சூடாக விடுங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் அறையிலேயே, வழக்கமான நேரத்திலேயே செய்யுங்கள்.

2. முதலில் முக்கோண ஜாக்கைப் பாருங்கள். இரண்டாவது ஹார்மோனிக் தெரிந்தால் ஏறு சரிவும் இறங்கு சரிவும் சமமாக இல்லை என்று பொருள். அதற்கான ப்ரீசெட் இருந்தால் அதைத் திருகி இரண்டாவதைத் தாழ்த்துங்கள். மூன்றாவது 19 டெசிபெல் கீழே நிற்பது முக்கோணத்தின் பிறவிக்குணம். அதை இங்கே தொட வேண்டாம்.

3. பிறகு சைன் ஜாக். இங்கே இரண்டாவது ஹார்மோனிக் திரும்பி வந்திருந்தால், வளைக்கும் ஜோடிக்குப் போகும் அலை நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆஃப்செட் ப்ரீசெட் அதற்கு.

4. இப்போது மழுக்கும் அளவைத் தீர்மானிக்கும் ப்ரீசெட். கண் மூன்றாவது ஹார்மோனிக் கோட்டின் மேல் இருக்கட்டும்.

5. மறுபடி ஆஃப்செட்டுக்குப் போய் ஒரு முறை சரிபாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் இழுக்கும்.

நான்காம் படியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகும்போது, ஸ்க்ரீனில் மூன்றாவது கோடு மளமளவென்று இறங்கும். ஓர் இடத்தில், ஸ்க்ரீனின் அடியில் எப்போதும் இருக்கும் இரைச்சலுக்குள் புதைந்தே போகும். இன்னும் துளி திருகினால் மறுபடி எழும். அந்தப் பள்ளம் மிகக் குறுகலானது. அதைத் தாண்டி ஒரு முறை மறுபக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் அடிமட்டம் எது என்று உறுதியாகும். கையை எடுத்ததும் கோடு அரை மில்லிமீட்டர் ஏறினால் கலங்க வேண்டாம்; கையின் அழுத்தம் விலகியதால் வருவது.

ப்ரீசெட்டே இல்லாத மாட்யூல்களும் உண்டு. அவற்றுக்கு அடுத்த பகுதிதான் மருந்து.

ஃபில்டர் என்னும் சலவைக்காரர்

லோ-பாஸ் ஃபில்டர் (ஒரு வெட்டும் புள்ளிக்கு மேலுள்ள அதிர்வெண்களைக் குறைப்பது) ஒன்று கையில் இருந்தால், சைனை அதன் வழியாக விடுங்கள். ஆசிலேட்டருக்குப் போகும் அதே சுருதி வோல்ட்டேஜை ஃபில்டருக்கும் கொடுங்கள். வெட்டும் புள்ளி சுருதியோடு சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். அந்தப் புள்ளியை அடி அதிர்வெண்ணின் மேலேயே வைத்து, வெட்டும் புள்ளியின் அருகே ஒலியைத் தூக்கிக்காட்டும் ரெசொனன்ஸைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள்.

மூக் பாணி நான்கு அடுக்கு லேடர் ஃபில்டரில் கணக்கு இப்படி வரும். அடி அலை ஒவ்வோர் அடுக்கிலும் 3 டெசிபெல் இழந்து மொத்தம் 12 கீழே இறங்கும். இரண்டாவது ஹார்மோனிக் 28, மூன்றாவது 40, ஐந்தாவது 56 டெசிபெல்லுக்கு மேல் இறங்கும். அடி அலையோடு ஒப்பிட்டால் இரண்டாவதற்கு 16, மூன்றாவதற்கு 28, ஐந்தாவதற்கு 44 டெசிபெல் கூடுதல் வெட்டு.

1% இருந்த மூன்றாவது இதனால் 0.04 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. இதைவிடச் சுவையானது: சைன் ஜாக்கையே மறந்துவிட்டு முக்கோணத்தை நேராக இந்த ஃபில்டருக்குள் விட்டால், 11.1% மூன்றாவது 0.45 விழுக்காட்டுக்குள் வந்துவிடும். சைன் ஜாக் தரும் சுத்தத்தைவிட, முக்கோணமும் ஃபில்டரும் சேர்ந்து தருவது மேல். சைன் ஜாக் இல்லாத ஆசிலேட்டர் வைத்திருப்பவர்கள் வருந்தத் தேவையில்லை.

இரண்டாவது ஹார்மோனிக்கை ஃபில்டர் அவ்வளவாக வெட்டுவதில்லை என்பதையும் பாருங்கள். ப்ரீசெட் வரிசையில் இரண்டாவதற்கு முதலிடம் கொடுத்தது இதனால்தான். ஃபில்டரால் ஆகாததை ப்ரீசெட்டால் செய். ப்ரீசெட்டால் ஆகாத ஐந்தாவது, ஏழாவதை ஃபில்டருக்கு விடு.

ஒரு எச்சரிக்கை. லேடரின் வாசலிலும் அதே டிரான்சிஸ்டர் ஜோடிதான் உட்கார்ந்திருக்கிறது. யூரோராக்கின் முழு 10 வோல்ட் அலையை உள்ளே திணித்தால் அதுவும் மழுக்க ஆரம்பிக்கும். இன்புட் நாபைப் பாதிக்கும் கீழே வையுங்கள். ரொம்பக் குறைத்தாலோ இரைச்சல் தலைதூக்கும்.

ஃபில்டரையே ஆசிலேட்டராக்கும் வழியும் இருக்கிறது. ரெசொனன்ஸை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஃபில்டர் தானே பாட ஆரம்பிக்கும். லேடரில் ஒவ்வோர் அடுக்கும் 45 டிகிரி பின்னுக்குத் தள்ளுவதால் மொத்தம் 180. அலையின் அளவு கால் பங்காகும். அதைத் தலைகீழாக்கி நான்கு மடங்கு பெருக்கித் திருப்பி ஊட்டினால் அலை நிற்காமல் சுழலும். மழுக்கம் எங்கே நேர்ந்தாலும் அடுத்த அடுக்குகள் அதைச் சலித்துவிடுவதால் மிகச் சுத்தமான சைன் கிடைக்கும். பாட ஆரம்பிக்கும் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சமே தள்ளி நிறுத்த வேண்டும். குறை, சுருதி. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற விதியை ஆசிலேட்டர் அளவுக்கு ஃபில்டர்கள் காப்பதில்லை. ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிக்க உகந்தது. ராகம் வாசிக்க உதவாது.

ஹார்மோனிக் இல்லாத அழுக்கு

ஸ்பெக்ட்ரத்தில் தெரியும் எல்லாக் கோடும் வளைப்பின் குற்றம் இல்லை. 1000 ஹெர்ட்ஸ் சைனின் இரு பக்கமும் 950, 1050-இல் இரண்டு கோடுகள் நின்றால், அது கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ், சுருதி வோல்ட்டேஜுக்குள் புகுந்ததன் அடையாளம். சுருதி நொடிக்கு 50 முறை நடுங்குகிறது.

எவ்வளவு புகுந்தால் கெடும்? ஒரு மில்லிவோல்ட் போதும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற அளவில், ஒரு மில்லிவோல்ட் நடுக்கம் 1000 ஹெர்ட்ஸை 0.7 ஹெர்ட்ஸ் ஆட்டும். பக்கக் கோடுகள் ஒவ்வொன்றும் 43 டெசிபெல் கீழே, அதாவது 0.7 விழுக்காட்டில் நிற்கும். நாள் முழுக்க ப்ரீசெட் திருகிச் சேர்த்த சுத்தத்தை ஒரு மோசமான எர்த் அழித்துவிடும். ஹார்மோனிக்குகள் சுருதியோடு சேர்ந்து ஒலிப்பதால் காது பொறுத்துக்கொள்கிறது. இந்தப் பக்கக் கோடுகள் சுருதிக்குச் சம்பந்தமில்லாதவை என்பதால் கரகரப்பாகவே படும்.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் இது தனிக் கவனம் வேண்டுவது. வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று நீண்டு போகும் வீட்டில், வயரிங் வெவ்வேறு காலங்களில் ஒட்டுப்போடப்பட்டிருக்கும். இரண்டு கால் பிளக் மட்டும் ஏற்கும் சாக்கெட்டுகள் இன்னும் உண்டு. மூன்றாவது ஓட்டை இருந்தாலும் அதன் பின்னால் எர்த் வயர் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. சிந்தசைசர், ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஸ்பீக்கர் நான்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுத்தால் எர்த் லூப் (வெவ்வேறு எர்த் வழிகளுக்கிடையே ஓடும் கரண்டால் வரும் இரைச்சல்) பெருமளவு குறையும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் அட்ஜஸ்ட்மென்ட் வேலையே வேண்டாம்.

எதை வைத்து அளப்பது

தனி அனலைசர் தேவையில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸும், இலவச ஆடாசிட்டியில் இருக்கும் ஸ்பெக்ட்ரம் வசதியும் போதும். யூரோராக் சைன் மேலும் கீழும் 5 வோல்ட் ஆடுவது. பல இன்டர்ஃபேஸ்களின் லைன் இன்புட்டுக்கு இது அதிகம். அட்டென்யுவேட்டர் வழியாகக் குறைத்துக் கொடுக்காவிட்டால், இன்டர்ஃபேஸின் டிஸ்டார்ஷனை அளந்துவிட்டு ஆசிலேட்டரைக் குறை சொல்ல நேரும். அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்: எல்லாக் கோடும் ஒரே அளவு இறங்கினால் அழுக்கு ஆசிலேட்டருடையது, ஹார்மோனிக் மட்டும் சரேலென்று விழுந்தால் அது இன்டர்ஃபேஸுடையது.

ஸ்பீக்கரை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சின்ன ஸ்பீக்கருக்கு 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால், அடி அலையை அது சரியாக எழுப்பாது, தன் சொந்த ஹார்மோனிக்கைச் சேர்த்துத் தரும். அறையும் ஏமாற்றும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், சாமான் இல்லாத பட்டாலை — ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லாத இடத்தில் நிலை அலைகள் உருவாகும். 130 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 2.6 மீட்டரை ஒட்டியது. உரக்கக் கேட்கும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் அடி அலை அமுங்கி, மூன்றாவது ஹார்மோனிக் முன்னால் வரலாம். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வதே நல்லது.

காதால் சோதிக்க ஒரு நல்ல வழி, சட்ஜ பஞ்சமம். இரண்டு ஆசிலேட்டர்களை எடுத்து, ஒன்றை ஒரு கட்டைச் சட்ஜத்தில் 130.8 ஹெர்ட்ஸில் வையுங்கள். மற்றதைப் பஞ்சமத்தில் 196.2-இல் வையுங்கள். சட்ஜத்தின் மூன்றாவது ஹார்மோனிக்கும் பஞ்சமத்தின் இரண்டாவதும் 392.4-இல் சந்திக்கின்றன. பஞ்சமத்தை 196.7-க்குக் கொஞ்சம் நகர்த்தினால், ரம்ப அலையில் நொடிக்கு ஒரு முறை ‘வவ் வவ்’ என்று அலைவு தெளிவாகக் கேட்கும். சைனுக்கு மாற்றி, குறைந்த ஒலியில் கேளுங்கள். அதே அலைவு இன்னும் தெளிவாகக் கேட்டால், சந்திக்க ஹார்மோனிக்குகள் அங்கே இருக்கின்றன என்று பொருள்; அலை சுத்தமில்லை. சுத்தமான சைன்களில் அந்த அலைவு ஏறக்குறைய மறைந்துவிடும்.

யாருக்கு எவ்வளவு சுத்தம் வேண்டும்

1. எஃப்எம் (அதிர்வெண் மாடுலேஷன்) செய்பவருக்கு நிறையவே வேண்டும். ஜான் சவுனிங் 1967-இல் கண்டறிந்து 1973-இல் வெளியிட்ட முறையில், ஒரு சைன் இன்னொரு சைனின் அதிர்வெண்ணை ஆட்டிப் பக்க அலைகளைப் பிறப்பிக்கிறது. ஹார்மோனிக் கலந்த அலையைக் கொடுத்தால் ஒவ்வொரு ஹார்மோனிக்கும் தன் பங்குக்குப் பக்க அலைகளைச் சேர்க்கும். ஒலி செழிப்பதற்குப் பதில் சகதியாகும்.

2. இரண்டு அலைகளைப் பெருக்கித் தரும் ரிங் மாடுலேட்டரிலும் அப்படியே. இரண்டு சுத்தமான சைன்கள் கூட்டலும் கழித்தலுமாக இரண்டே அலைகளைத் தரும். மணியோசைகளை இப்படிக் கட்டுபவர்களுக்கு அந்த இரண்டோடு நிற்பது முக்கியம்.

3. அளவீட்டு வேலைக்கு மாடுலர் ஆசிலேட்டர் போதாது. காரைக்குடி சிக்ரி போன்ற மின்வேதியியல் ஆய்வகங்களில், பேட்டரி அல்லது உலோகப் பரப்பின் மீது சில மில்லிவோல்ட் சைன் அலையைச் செலுத்தி, திரும்பி வரும் கரண்டை வைத்து உள்ளே நடப்பதை அறிவார்கள். கரண்டில் தெரியும் ஹார்மோனிக்கே அங்கே ஒரு செய்தி. கொடுத்த அலையிலேயே அது இருந்தால் செய்தி எது, அழுக்கு எது என்று பிரிக்க முடியாது.

4. தனியாக ஒலிக்கும் பேஸ், மென்மையான மெட்டு, சுருதியை மெல்ல ஆட்டும் வேலை ஆகியவற்றுக்கு 1% தாராளம். கீழ்ச்சுருதியில் ஒரு துளி மூன்றாவது ஹார்மோனிக் இருந்தால், சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் இருப்பது காதுக்குத் தெரியும்.

சுருதிப் பெட்டிக்குப் பதிலாக மாடுலரை வைக்க நினைப்பவர்களுக்குச் சைன் வேண்டவே வேண்டாம். பாடகர் தன் பஞ்சமத்தைச் சரிபார்ப்பது தம்புராவின் மேற்சுரங்களோடு தன் குரலின் மேற்சுரங்கள் உரசுகின்றனவா என்று கேட்டுத்தான். நாகஸ்வரக்காரருக்கு ஒத்து செய்வதும் அதே வேலை. சுத்தமான சைன் சுருதியில் உரச எதுவும் இல்லாததால் பிடிமானம் கிடைக்காது. முக்கோணத்தையோ ரம்பத்தையோ எடுத்து, ஃபில்டரை மூன்றாவது, நான்காவது ஹார்மோனிக்குக்கு மேலே திறந்து வையுங்கள். பஞ்சமத்தைக் கீபோர்டு வோல்ட்டேஜிலிருந்து எடுக்காமல் காதால் வையுங்கள். கீபோர்டு தரும் பஞ்சமம் 196.0 ஹெர்ட்ஸில் விழுவதால், ரம்பத்தில் இரண்டு நொடிக்கு ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாக அலைவு கேட்டுக்கொண்டே இருக்கும்.